வரி மாறும் நாளில் படிக்கட்டையும் எண்ணுங்கள்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களுக்கு,

வணக்கம்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் வீடுகளுக்கும் சிறு கட்டடங்களுக்கும் பிளான் போட்டுக் கொடுக்கும் பதிவு பெற்ற பொறியாளர் நான். இருபத்தொரு வருடமாக இதுதான் தொழில். சுருட்டிய வரைபடத்தோடு உங்கள் அலுவலக வராண்டாவில் நின்ற காலமும் தெரியும், இப்போது ஆன்லைனில் ஏற்றிவிட்டு மெசேஜுக்குக் காத்திருப்பதும் தெரியும். மாடியில் ஆட்கள் இரவு தங்கும் சிறு கட்டடங்களில் தீப்பிடித்தால் இறங்க வழியிருக்கிறதா என்பதைப் பற்றி இந்த மடலை எழுத வைத்தது, போன வருடம் ஒரு மருத்துவமனையில் நான் கழித்த நான்கு இரவுகள்.

அத்தை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டாவது மாடி, கடைசி அறை. துணைக்கு நான் போனேன். வாசலில் நுழைந்ததுமே கட்டடம் அடையாளம் தெரிந்துவிட்டது. 2009-இல் அதற்குப் பிளான் போட்டவன் நான்தான். கீழே வண்டி நிறுத்த இடம், மேலே இரண்டு மாடிகளில் நான்கு வீடுகள். முன்பக்கம் மூன்றரை அடி அகலத்தில் ஒரு படிக்கட்டு. பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறுவதற்காக ஒரு இரும்புச் சுழல் படி.

இப்போது வண்டி நிறுத்துமிடத்தில் மருந்துக்கடையும் ஸ்கேன் அறையும். சுழல் படி இருந்த இடத்தில் ஜெனரேட்டர். நான்கு வீடுகளும் சின்னச் சின்ன அறைகளாக மாறி, மாடிக்குப் பத்துப் பன்னிரண்டு கட்டில்கள். முன்பக்கப் படிக்கட்டு மட்டும் நான் வரைந்தபடியே இருக்கிறது. அதன் அடியில் மின் மீட்டர் பலகையும் அப்படியே இருக்கிறது. இடம் மிச்சமாகும் என்று அதை அங்கே வைக்கச் சொன்னவனும் நான்தான். எல்லோரும் அப்படித்தான் வைத்தோம். ஒரு வீட்டில் தீப்பிடிக்க அதிக வாய்ப்புள்ள இடத்தை, தப்பி ஓட வேண்டிய ஒரே வழியின் காலடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இரவு பத்து மணிக்கு வாட்ச்மேன் கீழே இரும்பு மடக்குக் கதவை இழுத்துப் பூட்டினார். திருட்டு பயம், நியாயம்தான். சாவி அவர் சட்டைப் பையில். பதினொரு மணிக்கு அவர் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். நடைபாதையில் பாய் விரித்துத் துணைக்கு வந்தவர்கள் படுத்திருந்தார்கள். படிக்கட்டின் திருப்பத்தில்கூட இரண்டு பேர். எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தையின் கட்டிலிலிருந்து படிக்கட்டு வரை காலடியை எண்ணினேன். தொலைவு ஒன்றும் அதிகமில்லை. ஆனால் இடுப்பில் பிளேட் வைத்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு, தரையில் படுத்திருக்கும் பதினொரு பேரைத் தாண்டி, ஸ்ட்ரெச்சர் திரும்ப முடியாத அந்தப் படியில் எப்படி இறங்குவது? லிஃப்ட் இருக்கிறது. தீப்பிடித்தால் அதில் ஏறவே கூடாது. “ஏம்பா, படுக்காம நடந்துகிட்டே இருக்க?” என்று அத்தை கேட்டார். கால் மரத்துவிட்டது என்று சொல்லி வைத்தேன்.

2024 டிசம்பர் 12 அன்று இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் எலும்பு முறிவு மருத்துவமனையில் தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள். அதில் ஒரு குழந்தையும் உண்டு. லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்குச் சரியாக மூன்று மாதம் முன்பு, செப்டம்பர் 12 அதிகாலையில், மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் பிரிட்ஜ் வெடித்து, புகையில் இரண்டு பெண்கள் போனார்கள். இரண்டும் வானளாவிய கோபுரங்கள் இல்லை. நம் ஊர்த் தெருக்களில் நாம் தினமும் கடந்து போகிற உயரம்தான்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தீப் பாதுகாப்பு என்று பேச ஆரம்பித்தாலே நம் கண் உயரமான கட்டடங்களின் பக்கம் போய்விடுகிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அது உயரமான கட்டடம். 2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரிலேயே அந்தக் கோட்டைப் போடுகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே பம்ப், தண்ணீர்க் குழாய், தெளிப்பான், தடையின்மைச் சான்று என்று வரிசையாகக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் நம் மாநிலத்தில் கும்பல் கும்பலாகச் செத்தது எங்கே? 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் பற்றி, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர். ஆறு மாதம் கழித்து, ஜூலை 16, கும்பகோணம். 94 குழந்தைகள். இரண்டுமே அந்தக் கோட்டுக்கு வெகு கீழே.

கும்பகோணத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சத்துணவு சமைத்த கொட்டகையில் பற்றிய தீ, மாடி வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகலான வழியில் பிள்ளைகளால் இறங்க முடியவில்லை. அந்த வாரமே பள்ளிகளில் கீற்றை அகற்ற உத்தரவு வந்தது. எங்கள் பொறியாளர் என்னையும் அனுப்பினார். பள்ளி பள்ளியாகப் போய், கூரைக்கு எத்தனை ஷீட் வேண்டும் என்று அளந்து எழுதினேன். இரண்டு மாதம் அதுதான் வேலை. எந்தப் பள்ளியிலும் படிக்கட்டை அளக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கீற்று போனது நல்லது. ஆனால் 94 பிள்ளைகளின் சாவிலிருந்து நாம் கற்றது கூரைப் பாடம் மட்டும்தான். வழிப் பாடத்தைக் கற்கவில்லை. அதனால்தான் இருபது வருடம் கழித்து, கீற்றே இல்லாத கான்கிரீட் கட்டடங்களில் அதே கதை நடக்கிறது.

கான்கிரீட் எரியாது என்று மக்கள் நம்புகிறார்கள். உண்மைதான், கான்கிரீட் எரியாது. உள்ளே இருக்கும் மெத்தை எரியும், பால்ஸ் சீலிங்கும் திரையும் வயரும் எரியும். பஞ்சு மெத்தைக் காலம் போய்விட்டது. இன்றைய ஃபோம் மெத்தையிலிருந்து கிளம்பும் கரும்புகையில் கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் கலந்திருக்கும். நாலைந்து மூச்சிலேயே ஆள் நிலைகுலைந்துவிடலாம். தீ வந்து தொடுவதற்கு வெகுநேரம் முன்பே முடிந்துவிடும். 1997-இல் டெல்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் இறந்ததும், 2011 டிசம்பரில் கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் ஏறத்தாழ 90 பேர் இறந்ததும் பெரும்பாலும் புகையால். கொல்கத்தாவில் வண்டி நிறுத்த ஒதுக்கிய அடித்தளத்தில் சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கே பிடித்த தீயின் புகை மேல் மாடிகளுக்கு ஏறி, கட்டிலை விட்டு எழ முடியாத நோயாளிகளைக் கொன்றது. 2022 மார்ச்சில் நம் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் பற்றியதில் தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஒரு தனி வீடு, ஒரு வண்டி, அவ்வளவுதான்.

புகைக்கு மேலே போகத்தான் தெரியும். கதவில்லாமல் திறந்து கிடக்கும் படிக்கட்டு, அடுப்புக்கு மேலே வைத்த புகைபோக்கி மாதிரி. கீழே மீட்டர் பலகை, அதற்கு மேல் திறந்த படி, உச்சியில் பூட்டிய மொட்டை மாடிக் கதவு. மேலே ஓடியவர்கள் அந்தக் கதவுக்கு முன்னால்தான் விழுந்து கிடப்பார்கள். முகப்பில் ஜன்னல்களையெல்லாம் மறைத்து ஏ.சி.பி. ஷீட் (இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வேறு பொருளை வைத்து ஒட்டிய பலகை) ஒட்டுவது இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. கடை பளபளவென்று தெரிகிறது. மலிவான ஷீட்டுகளின் நடுவில் இருப்பது பிளாஸ்டிக். லண்டனில் 2017-இல் கிரென்ஃபெல் குடியிருப்பில் 72 பேர் இறந்தபோது, தீயை மாடி மாடியாக வெளிப்புறமாக ஏற்றிச் சென்றது அந்த ரகப் பலகைதான். நம்மூரில் அது எரியாவிட்டாலும், உள்ளே இருப்பவர் ஜன்னலைத் திறந்து கைகாட்டக்கூட வழியில்லாமல் அடைத்துவிடுகிறது.

சரி, இதையெல்லாம் தீயணைப்புத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்?

நான் பிளான் போட்ட அந்த நான்கு வீட்டுக் கட்டடம் மருத்துவமனை ஆனது யாருக்குத் தெரியும்? குறிப்பிட்ட அளவுக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்று தேவையில்லை என்று விதியே விலக்குத் தருகிறது. ஆகவே கட்டி முடித்ததும் திட்டப் பிரிவு அதை மறந்துவிடுகிறது. அளவில் சின்னது என்பதால் தீயணைப்பு நிலையத்தின் பட்டியலிலும் வராமல் போகலாம். ஆனால் ஒருவருக்கு மட்டும் கண்டிப்பாகத் தெரியும். உங்கள் பில் கலெக்டருக்கு. வீடு வணிகப் பயன்பாட்டுக்கு மாறினால் சொத்து வரி மாறும் என்பதால் அவர் வாசலில் போர்டு மாட்டிய மறுநாளே வந்துவிடுவார். டேப் பிடித்து ஒவ்வொரு மாடியின் சதுர அடியையும் எழுதிக்கொண்டு போவார். மின்வாரியமும் வீட்டு இணைப்பிலிருந்து வேறு கணக்குக்கு மாற்றிவிடும். குப்பைக் கட்டணம் மாறும், தொழில் உரிமம் வரும். அரசாங்கத்தின் நான்கைந்து கைகள் அந்த வாசலைத் தொட்டுவிட்டன. அத்தனை பேரும் தரையை அளந்தார்கள். யாரும் படிக்கட்டை எண்ணவில்லை.

நான் கேட்பது இந்த ஒன்றைத்தான். ஒரு கட்டடத்தின் வரி குடியிருப்பிலிருந்து வேறொன்றாக மாறும் அதே நாளில், அதே பில் கலெக்டர், அதே படிவத்தில் இன்னும் சில கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். மாடியில் இரவு தங்குபவர்கள் உண்டா? மாடியிலிருந்து இறங்க எத்தனை படிக்கட்டு, ஒவ்வொன்றும் எத்தனை அடி அகலம்? மீட்டர் பலகை படிக்கு அடியில் இருக்கிறதா? மொட்டை மாடிக் கதவும் கீழ்க் கதவும் இரவில் பூட்டப்படுகின்றனவா, சாவி யாரிடம்? இதற்குப் பொறியியல் படிப்பு வேண்டாம். கண்ணும் டேப்பும் போதும். அந்தத் தாள் மாலைக்குள் தீயணைப்பு நிலையத்துக்கும் உங்கள் நகரமைப்புப் பிரிவுக்கும் போக வேண்டும். வீட்டுக்கு 1 மீட்டர் அகலப் படி போதும் என்கிறது தேசிய விதித்தொகுப்பு. மருத்துவமனைக்கு 2 மீட்டர் கேட்கிறது. வெளியேறும் கதவு குறைந்தது 1 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது. இந்த எண்களை அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், உங்கள் ஊரில் எந்தெந்தக் கட்டடத்தில் ஆட்கள் இரவு தூங்கக் கூடாது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

இது உங்கள் வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. அரசியல் சாசனத்தின் 12-ஆம் அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய பணிகளாக 18 இருக்கின்றன. இரண்டாவது, நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. ஏழாவது, தீயணைப்பு. நம் மாநிலத்தில் தீயணைப்பை மாநில அரசின் துறை பார்ப்பதால் நாமும் அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

சக பொறியாளர்கள் சிலர் இதைக் கேட்டதும் சொன்னது: “இன்னொரு பேப்பர், இன்னொரு கவர்.” அவர்கள் பயம் எனக்கும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் புதிதாகச் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. சான்றிதழ் பைலுக்குள் போய்விடும். அதற்குப் பதில் வாசலில் ஒரு பலகை வையுங்கள். ‘இக்கட்டடத்தில் படிக்கட்டு 1. மாடியில் இரவு தங்க அனுமதிக்கப்பட்டவர்கள்: இத்தனை பேர்.’ கல்யாண மண்டபம், விடுதி, மருத்துவமனை, டியூஷன் சென்டர், எல்லா இடத்திலும் ஆள் படிக்கும் உயரத்தில். லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதி வைக்கிறோம் இல்லையா? மகளை விடுதியில் சேர்க்க வரும் அப்பா அதைப் படிப்பார். யாருக்குக் கவர் கொடுத்தாலும் அவர் கண்ணை மூட முடியாது.

அப்புறம், இருக்கிற கட்டடங்களை என்ன செய்வது? இடிக்கச் சொல்லவில்லை. பல இடங்களில் சில ஆயிரங்களில் முடிகிற வேலைகளே பாதி ஆபத்தைக் குறைத்துவிடும். மீட்டர் பலகையை வெளிச்சுவருக்கு மாற்றுவது, கதவுகளைச் சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாளுக்கு மாற்றுவது, ஜன்னல் கிரில்லில் ஒன்றையாவது திறக்கும்படி வெட்டுவது, நடைபாதையில் புகை உணரும் மணி. இதற்கு அடுத்த நிலை, ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டின் வாயை மூட ஒரு தீத்தடுப்புக் கதவு. அதற்கும் மேலே, வெளிப்புற இரும்புப் படி. விதித்தொகுப்பு அதற்கு 1.25 மீட்டர் அகலமும் 45 பாகைக்கு மிகாத சரிவும் கேட்கிறது. சுழல் படியில் நோயாளியைத் தூக்கி இறங்க முடியாது. நான் 2009-இல் போட்டது இன்று இருந்திருந்தாலும் அத்தைக்கு உதவியிருக்காது.

வெளிப் படிக்கு இடம் எங்கே என்பதுதான் உண்மையான சிக்கல். பக்கவாட்டில் விட வேண்டிய இடைவெளியை விழுங்கித்தான் நம் ஊரில் பாதிக் கட்டடங்கள் நிற்கின்றன. 2007 ஜூலைக்கு முன் கட்டிய விதிமீறல்களை நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவில் வரன்முறைப்படுத்தினோம். பணம் கட்டினால் இடைவெளிக் குறைவு காகிதத்தில் சரியாகிவிடும். அந்த இடைவெளியில் வந்திருக்க வேண்டிய இரும்புப் படிக்கு இடம் வந்துவிடாது. இப்படிப்பட்ட இடங்களுக்கு என் யோசனை ஒன்று உண்டு. கும்பகோணம், மதுரை போன்ற பழைய ஊர்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கிறது. மொட்டை மாடியிலிருந்து அடுத்த மொட்டை மாடிக்குத் தாண்ட ஒரு தாழ்ந்த கைப்பிடிச் சுவரும் ஒரு கதவும் போதும். பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், எழுதி வாங்க வேண்டும், சண்டை வரும், எல்லாம் தெரியும். அதற்கும் வழியில்லாத கட்டடங்களில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: கீழே கடை நடத்து, மாடியில் ஆபீஸ் வை, கட்டில் மட்டும் போடாதே.

புதிய கட்டடங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விதிகள் நன்றாகவே இருக்கின்றன. ஒன்றைச் சேர்க்கலாம். கடைத்தெருவை ஒட்டிய மனையில் யாராவது வீடு என்று பிளான் கொடுத்தால், பத்து வருடத்தில் அது வீடாக இருக்காது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இரண்டாவது படிக்கட்டுக்கான மூலையை அன்றைக்கே காலியாக விடச் சொல்லுங்கள். வரையும்போது அது நாலு கோடு. கட்டிய பிறகு அது ஒரு கோர்ட் கேஸ்.

நான்காவது நாள் காலை அந்த மருத்துவமனையின் டாக்டரிடம் பேசினேன். சண்டை போடத்தான் போனேன். அவர் நான் சொன்னதை உட்கார்ந்து கேட்டார். என்னோடு படியிறங்கி வந்து மீட்டர் பலகையைக் குனிந்து பார்த்தார். “செய்யத் தயார் சார். என்ன செய்யணும், முடிச்சிட்டு யார்கிட்ட காட்டணும், அத மட்டும் சொல்லுங்க” என்றார். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். யாரிடம் காட்ட வேண்டும் என்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தீயணைப்பு நிலையமா, நகரமைப்புப் பிரிவா, தாசில்தாரா? இருபத்தொரு வருடம் இந்த அலுவலகங்களில் ஏறி இறங்கியவனுக்கே தெரியவில்லை.

அவர் மீட்டர் பலகையை மாற்றிவிட்டார். இரவில் மடக்குக் கதவைப் பூட்டாமல், உள்ளே ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறார். இரண்டாவது படிக்கட்டு இன்னும் இல்லை. ஜெனரேட்டரை எங்கே நகர்த்துவது, அந்த இடத்தில் இரும்புப் படி போட்டால் அனுமதி யார் தருவது என்பதில் நிற்கிறது. அத்தைக்கு மறுபடி அங்கேதான் காட்ட வேண்டும். கீழ்த்தளத்தில் கட்டில் கிடையாது.

உங்களில் ஒரே ஒரு ஆணையர், ஒரே ஒரு வார்டில், மாடியில் ஆட்கள் இரவு தங்கும் கட்டடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இதைத் தொடங்கினால் போதும். டெல்டா பக்கம் எந்த ஊராக இருந்தாலும் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நான் வருகிறேன். என்னைப் போல இன்னும் நாலைந்து பொறியாளர்களையும் கூட்டி வருகிறேன், பேசி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு கட்டடப் பொறியாளர்